கற்பிட்டிக் கரையும் கமராவின் கண்ணும்

ஓர் ஊரின் செய்தியை அவ்வூரிற் பிறந்தவனே எடுத்துரைக்கும்போது அதற்குத் தனியானதோர் உறுதி உண்டாகின்றது. 1807 ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் பற்றிய செய்திகளைத் திரட்டி 1834 இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். பின்னர் 1859 இல், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் பெயரால் ஆங்கிலத்திலே தந்தார். மணலும் உப்புக்காற்றும் நிறைந்த ஒரு கரையிலே பிறந்த ஒருவர், பிறர் வந்து தம் நாட்டைப் பற்றி எழுதுவர் என்று காத்திராமல் தாமே எழுதுகோலைக் கையிலெடுத்தார் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கூறும் பாடம்.

அன்று எழுத்தினால் நிகழ்ந்த அப்பணி இன்று பெரும்பாலும் படத்தினால் நிகழ்கின்றது. கற்பிட்டி என்ற பெயரைச் சொன்ன அளவிலே வெளியுலகத்தார் மனத்தில் எழும் காட்சிகள் யாவை? கடற்பரப்பின் மேலே பறக்கும் வண்ணப் பட்டம். அதன் கயிற்றைப் பற்றிக்கொண்டு அலைமேல் வழுக்கிச் செல்லும் வீரன். கூட்டமாகத் துள்ளும் டொல்பின்கள். அழகிய காட்சிகள்தாம். ஆயினும் நான் கண்ட அத்தகைய படங்களுட் பெரும்பாலானவை வந்து தங்கிப் போகும் விருந்தினர் எடுத்தவை. கரைவலை இழுக்கும் உடப்பு மக்களும், பாலாவி உப்பளத்திலே காலையில் வேலைக்கு இறங்குவோரும், மாலையிற் புழுதி பறக்க உதைபந்தாடும் புத்தளத்து இளைஞரும் அப்படங்களில் அருகியே காணப்படுகின்றனர். கண் அவர்களிடம் உண்டு, கருவிதான் இல்லை.

அக்கரையிலே ஆசிரியராக இருக்கும் என் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவை விடுத்தார். அவருடைய பாடசாலை மாணவர் சிலர் ஒரு படப்பிடிப்புக் கழகம் அமைத்திருக்கின்றனர். பழைய மாணவர் மனமுவந்து அளித்த ஒரு சிறு தொகை கையிலே உண்டு. 'விளையாட்டையும் இயற்கைக் காட்சியையும் எடுக்க வேண்டும். எந்தக் கமராவை வாங்கலாம்?' என்பதே வினா. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று விலை ஒரு சில மாதங்களுக்குள் 360 ரூபாய்வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய பொருளை ஒரு பாடசாலைக் கழகம் ஒருமுறைதான் வாங்க இயலும். தேர்வு பிழைத்தால் மறுமுறை என்பது இல்லை. ஆதலால் அவருக்கு நான் எழுதிய விடையைச் சற்று விரித்து, அவரைப் போன்ற பிற ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் வண்ணம் இங்கே தருகின்றேன்.

தூரத்தின் கணக்கு

முதலிலே வினாவை மாற்றிக்கொள்ள வேண்டும். 'எந்தக் கமரா?' என்று கேட்பதற்கு முன், 'எதை, எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப் போகின்றோம்?' என்று கேட்பதே முறை. கமராவின் உடலைப் பற்றிப் பேசுவோர் பலர். வில்லையைப் பற்றிச் சிந்திப்போர் சிலர். ஆனால் படத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வில்லையே. உடல் சில ஆண்டுகளிற் பழையதாகிவிடும். நல்ல வில்லையோ உடல்கள் மாறினும் கைவிடாது.

வில்லையின் ஆற்றலை அதன் குவியத் தூரத்தைக் கொண்டு அளப்பர். இது பாடசாலை விஞ்ஞானத்தில் நாம் படித்ததே. தொலைவிலுள்ள பொருளின் உயரத்தைக் குவியத் தூரத்தாற் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால், கமராவினுள்ளே விழும் விம்பத்தின் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். இந்த ஒரு கணக்கை அறிந்தவனைக் கடைக்காரன் எளிதில் ஏமாற்ற முடியாது.

கற்பிட்டிக் களப்பிலே பட்டச் சறுக்கு வீரன் ஒருவன் கரையிலிருந்து 60 மீற்றர் தொலைவிற் செல்கின்றான் என்று கொள்வோம். அவன் உயரம் 1.8 மீற்றர். தொடக்கநிலைக் கமராவுடன் வழக்கமாக வரும் சிறு வில்லையின் நீண்ட முனை 55 மில்லிமீற்றர். அதனால் எடுத்தால் அவன் விம்பம் 1.65 மில்லிமீற்றர் உயரமே இருக்கும். தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றின் ஒளியுணரி ஏறக்குறைய 23.5 மில்லிமீற்றர் அகலமும் 15.6 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அதாவது படத்தின் உயரத்திலே பத்தில் ஒரு பங்குதான் வீரன். எஞ்சியதெல்லாம் நீரும் வானும். அதே இடத்தில் நின்று 250 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்தால் விம்பம் 7.5 மில்லிமீற்றர். இப்பொழுது அவன் படத்தின் பாதி உயரத்தை நிறைத்து நிற்பான். முகத்தின் இறுக்கமும் தெறிக்கும் நீர்த்துளியும் தெரியும்.

ஆயின் நீண்ட வில்லையே எப்பொழுதும் சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. பட்டத்தைத் தாங்கும் கயிறுகள் 20 முதல் 25 மீற்றர் வரை நீளமானவை. வீரனையும் பட்டத்தையும் ஒரே படத்துள் அடக்க வேண்டுமாயின் 250 மில்லிமீற்றர் வில்லை சிறிதும் உதவாது. பட்டம் தலைக்கு மேலே 24 மீற்றர் உயரத்தில் நிற்குமானால், 35 மில்லிமீற்றரில் அவ்வுயரம் 14 மில்லிமீற்றராகச் சுருங்கிப் படத்துள் அமையும். நீண்ட வில்லை மனிதனைக் காட்டும். குறுகிய வில்லை அவனையும் காற்றையும் சேர்த்துக் காட்டும். இரண்டும் வேண்டும். ஆதலாற்றான் ஓர் உடலும் இரு வில்லைகளும் என்பது தொடக்கக்காரனுக்குச் சாலப் பொருந்திய ஏற்பாடு என்கின்றேன்: 16 அல்லது 18 இலிருந்து 50 அல்லது 55 மில்லிமீற்றர் வரை செல்லும் ஒன்று, அங்கிருந்து 210, 250 அல்லது 300 வரை செல்லும் மற்றொன்று. 'பதினெட்டிலிருந்து முந்நூறு வரை ஒரே வில்லை' என்று விற்கப்படுவனவும் உண்டு. கடற்கரை மணலில் வில்லையை மாற்றும் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் நீண்ட முனையிலே கூர்மையும் ஒளியும் குன்றும்.

வேகமும் ஒளியும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் ஒக்டோபர் வரையுள்ள மாதங்களே கற்பிட்டியிற் பட்டச் சறுக்கின் பெரும் பருவம். அக்காற்றிலே மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஒருவன் ஒரு செக்கனில் 11 மீற்றரைக் கடக்கின்றான். கமராவின் ஷட்டர் செக்கனின் 60 இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவன் 18 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான்; படம் கலங்கித் தோன்றும். 1000 இல் ஒரு பங்காயின் நகர்வு ஒரு சென்ரிமீற்றரளவே. 2000 இல் ஒரு பங்காயின் அதிலும் பாதி. வீரனோடு சேர்ந்து கமராவையும் சீராகத் திருப்பப் பழகினால் அக்கலக்கமும் பெரிதும் அடங்கும்.

நண்பகலில், நீரும் மணலும் ஒளியை வாரி இறைக்கும் அக்கரையிலே இத்தகைய வேகத்தைப் பெறுவது எளிது. இடர்ப்பாடு மாலையில்தான். புத்தளத்தார்க்கு உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. ஊர்ப் பெருமையோடு கலந்த ஒன்று. வெயில் தணிந்த பின்னரே ஆட்டம் சூடுபிடிக்கும். விலை குறைந்த நீண்ட வில்லைகளின் துவாரமோ நீண்ட முனையில் எஃப் 5.6 அல்லது 6.3 அளவிற்றான் திறக்கும். ஒளி குறையக் குறைய உணரியின் உணர்திறனை 3200, 6400 என்று உயர்த்த நேரிடும். படத்திலே மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

இதற்கு மாற்றாக விலையுயர்ந்த பெருவில்லைகள் உள. அவை நம் கழகத்தின் கைக்கு எட்டா. ஆனால் எட்டக்கூடிய ஒன்று உண்டு: எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீற்றர் வில்லை. எஃப் 6.3 உடன் ஒப்பிடுமிடத்து இது ஏறக்குறையப் பன்னிரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். 6400 வேண்டிய இடத்தில் 500 அளவு போதும் என்பது இதன் பொருள். தூரத்தை எட்டாதே என்பீர்கள். உண்மை. அதனால் மாணவன் கோல் கம்பத்தின் அருகே சென்று நிற்க வேண்டும். 15 மீற்றர் தொலைவில் வரும் ஆட்டக்காரன் படத்தின் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உயரமாக விழுவான். வில்லை எட்டாத இடத்திற்குக் கால்கள் செல்லட்டும். முதல் ஆண்டு முடிவிலே கழகத்திற்கு இன்னும் சிறிது பணம் சேர்ந்தால், மூன்றாவதாக வாங்க வேண்டியது இந்த வில்லையே.

வேகத்தோடு சேர்த்து நோக்க வேண்டிய மற்றொன்று, கமரா தானே குவியத்தைத் தேடிப் பிடிக்கும் திறன். இன்றைய கண்ணாடியற்ற கமராக்கள் மனிதனின் முகத்தையும் கண்ணையும் இனங்கண்டு, அவன் ஓடும்போதும் விடாது பின்தொடர்கின்றன. பழைய எஸ்.எல்.ஆர். கமராக்களில், உள்ளே அமைந்த ஒரு கண்ணாடி ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி, படமெடுக்கும் கணத்தில் மேலே எழும்பும். தொடக்கநிலை எஸ்.எல்.ஆர். கமராக்களிலே, கண்பார்வைச் சாளரத்தின் வழியே நோக்கும்போது இந்த நுண்ணிய பின்தொடர்தல் இல்லை. விளையாட்டே முதன்மை என்றால் கண்ணாடியற்றதை நாடுதல் நன்று.

உப்பும் சூரியனும்

இனி இயற்கைக் காட்சிக்கு வருவோம். கற்பிட்டித் தீபகற்பத்தின் அமைப்பே படமெடுப்போர்க்கு இயற்கை அளித்த கொடை. மேற்கே பெருங்கடல், கிழக்கே ஏறக்குறைய 327 சதுர கிலோமீற்றர் பரந்த புத்தளம் களப்பு, இடையே ஒடுங்கிய நிலம். காலையிற் களப்பின் மேல் எழும் சூரியனையும் மாலையிற் கடலில் இறங்கும் சூரியனையும் ஒரே நாளில் ஒரே ஊரில் நின்று எடுக்கலாம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டையும், தலவிலவிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயமும், மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகளும், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் ஒரே கரையில் வரிசையாக நிற்கின்றன. 2011 இல் இயங்கத் தொடங்கி 2014 இல் 900 மெகாவற்று ஆற்றலாக நிறைவெய்திய அம்மின் நிலையம் ஒருபுறம். மீனவன் வள்ளம் மறுபுறம். காட்சி என்பது பனைமரமும் அந்தியும் மாத்திரமல்ல என்பதை மாணவர் இங்கே கற்றுக்கொள்வர்.

காட்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கமராவுடன் வரும் சிறு வில்லையின் 16 அல்லது 18 மில்லிமீற்றர் முனையே போதும். துவாரத்தை எஃப் 8 அல்லது 11 இல் வைத்து, உணர்திறனை 100 இல் நிறுத்தி, உறுதியான முக்காலியிற் கமராவை ஏற்றினால், விலை பெற்ற வில்லைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாது. துவாரத்தை எஃப் 22 வரை ஒடுக்கினால் இன்னும் கூர்மை கிடைக்கும் என்று எண்ணுவோர் உளர். அவ்வளவு சிறிய துளையினூடே ஒளி சிதறுவதாற் கூர்மை குறைவதே உண்மை. இரண்டாவது கமராவுக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு நல்ல முக்காலி வாங்குக. நீரின் பளபளப்பை அடக்கும் முனைவாக்க வடிகட்டி ஒன்றையும் வாங்குக. சூரியன் நம் தோளின் பக்கமாக இருக்கும்போதே அவ்வடிகட்டி வானத்தை நன்கு கருநீலமாக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

உப்பளத்திலே ஒரு விந்தையைக் காணலாம். வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உப்பைக் கமராவின் தன்னியக்கத்தை நம்பி எடுத்தால், அது சாம்பற் குவியலாக வந்து நிற்கும். கருவிக்கு உப்பு என்றும் மணல் என்றும் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தர ஒளியாக ஆக்கிவிட முயல்வதே அதன் இயல்பு. ஒளியளவைக் கையால் ஒரு படி உயர்த்தினாற்றான் வெண்மை வெண்மையாக விளங்கும். உப்பு வெள்ளை என்று கமராவுக்குச் சொல்ல வேண்டியவன் மனிதனே. இவ்வொரு பாடம் மாணவன் மனத்திற் பதியுமாயின், பாதிக் கல்வி முடிந்தது என்பேன்.

எதை வாங்குவது?

டிஜிட்டல் கமராவின் வயது பெரிதன்று. 1975 ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதற்கருவி பத்தாயிரம் புள்ளிகளாற் படத்தை அமைத்தது. ஒரு படத்தை நாடாவிற் பதிய அதற்கு 23 செக்கன் பிடித்தது. அக்கண்டுபிடிப்பைத் தன் கையிலே வைத்திருந்தும் படச்சுருளையே பெரிதும் நம்பியிருந்த அந்நிறுவனம் 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. இன்று தொடக்கநிலைக் கமராவும் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகளைத் தருகின்றது. ஏ4 தாள் முழுவதும் செம்மையாக அச்சிட ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகளே போதும். ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூறி விலையை உயர்த்துவாரின் பேச்சைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

புதிதாக வாங்குவதாயின் கனன் ஆர் 50, நிக்கோன் இசட் 50 வரிசை, சோனி ஏ 6400 ஆகியவை கருதத்தக்கவை. மூன்றுக்கும் சிறு வில்லையும் நீண்ட வில்லையும் அவ்வந் நிறுவனத்தாலேயே செய்யப்பட்டுள்ளன: கனனுக்கு 18–45, 55–210, நிக்கோனுக்கு 16–50, 50–250, சோனிக்கு 16–50, 55–210. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவதிற் பயனில்லை. கையிலே எடுத்து, பிடி பொருந்துகின்றதா என்று பார்த்து, பழுது பார்ப்பவர் அருகில் உள்ளாரா என்று விசாரித்து, இரு வில்லைகளும் சேர்ந்து எவ்விலைக்குக் கிடைக்கின்றன என்று கணக்கிட்டு முடிவு செய்க.

பணம் போதாதாயின் பிறர் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றை நாடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. நிக்கோன் டி 3500, கனன் 200 டி போன்றவை இன்றும் நல்ல படம் தருவன. மின்கலமும் நீண்ட நேரம் உழைக்கும். ஆனால் வாங்குமுன் நான்கு சோதனைகள் செய்க. வில்லையின் பின்புறமிருந்து கைவிளக்கை அடித்து, உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் படர்ந்துள்ளதா என்று காண்க. துவாரத்தை எஃப் 16 இல் வைத்து வெறும் வானத்தை எடுத்து, கரும்புள்ளிகள் விழுகின்றனவா என்று நோக்குக. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கைக் கேட்டறிக. இறுதியாக, திருகாணிகளிலும் வில்லை பொருந்தும் உலோக வளையத்திலும் துருவின் சுவடு உண்டா என்று பார்க்க. கடற்கரையில் வாழ்ந்த கமராவின் சாதகம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

உப்புக்காற்று எக்கமராவுக்கும் பகை. விலை குறைந்த உடல்களில் நீரும் தூசியும் புகாவண்ணம் தடுக்கும் காப்பு இராது. காற்று வீசும் மணலில் நின்று வில்லையை மாற்றலாகாது. வாகனத்தினுள்ளேயோ கட்டடத்தினுள்ளேயோ சென்று மாற்றுக. வீடு திரும்பியதும் நன்னீரிற் சிறிது நனைத்துப் பிழிந்த மென்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்தபின் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைக்க. பெட்டிக்கும் பொதிக்கும் ஆகும் செலவு சொற்பம். காப்பதோ முழுக் கருவியையும்.

'இத்தனையும் எதற்கு? கைத்தொலைபேசியே படமெடுக்கின்றதே' என்று கேட்பார் உளர். நேர்மையாகச் சொல்வதானால், காட்சியை மாத்திரம் எடுத்துத் திரையிலே காட்டுவது நோக்கமாயின் நல்ல கைத்தொலைபேசி பெரிதும் போதும். ஆனால் 60 மீற்றருக்கு அப்பால் விரையும் மனிதனை அதனாற் பிடித்தல் அரிது. அதன் உணரி மிகச் சிறியது; நீண்ட வில்லையை மாட்டவும் வழியில்லை. விளையாட்டு வேண்டாம் என்றால் கமராவும் வேண்டாம். பணத்தை நூலகத்திற்குக் கொடுக்கலாம்.

படத்தின் கடன்

ஆனாலும் வேண்டும் என்றே நான் நண்பருக்கு எழுதினேன். காரணம் விளையாட்டினும் பெரியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையானோர் புத்தள மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். கையில் எடுத்துவர அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம். வீட்டை இழந்தவன் வீட்டின் படத்தையும் சேர்த்து இழக்கின்றான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இக்கரைப் பாடசாலைகளிலே படிக்கின்றனர். பாட்டன் விளையாடிய மைதானம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லாத பிள்ளைக்கு, தான் விளையாடும் மைதானத்தைப் படமாக வைத்திருத்தல் ஆடம்பரமன்று. உடப்புப் பிள்ளைக்கும் இது பொருந்தும். கரைவலை இழுக்கும் கைகளும் அவர்தம் அம்பாப் பாடலும் இன்னும் எத்தனை காலம் நிலைக்கும் என்று யார் கூறவல்லார்?

ஆகவே கழகத்தார்க்கு ஒரு விதி விதிக்கலாம்: எடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் இடமும் தேதியும் செய்தியும் எழுதி வைக்க, மனிதரை எடுக்குமுன் அவரிடம் இசைவு கேட்க, இரண்டு இடங்களிற் படியெடுத்துக் காக்க. பத்து ஆண்டுகள் இவ்வாறு செய்தால் அப்பாடசாலையின் பேழையிலே ஒரு கரையின் வரலாறு சேர்ந்துவிடும்.

தொடங்குவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று ஆசிரியர் எவரும் தயங்க வேண்டியதில்லை. புகைப்படக் கலையின் பெருமைக்குரியவருள் ஒருவராகிய ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் தம் முதற் கமராவைப் பெற்றது 1863 இன் இறுதியில், 48 ஆம் வயதிலே. மகளும் மருமகனும் அளித்த பரிசு அது. 1875 இல் இலங்கைக்கு வந்த அவர், களுத்துறைக் கரையிலும் வாழ்ந்து, இத்தீவு மக்களைப் படமெடுத்து, 1879 இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவர் கையாண்ட கனத்த பெட்டியோடும் ஈரக் கண்ணாடித் தகட்டோடும் ஒப்பிடுமிடத்து, நம் கழகத்தின் எளிய கமரா ஒரு விமானம் போன்றது. ஓர் உடல், இரு வில்லைகள், ஒரு முக்காலி, காற்றுப் புகாத ஒரு பெட்டி: இவ்வளவே முதல். மிகுதியைக் கரை தரும்.